கூலிக்குக் கும்பகம்

எக்ஸ்ரே மிஸ் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை தன் மூச்சை நிறுத்திக்கொள்வார். படம் எடுக்க வருகிறவர்களிடம் "இழுங்கோ, பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தானும் சேர்ந்து பிடிப்பார். பிறகு "விடுங்கோ" என்று சொல்லும்போதுதான் அவருடைய மூச்சும் வெளியே வரும். அவரை எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டோம். அவருடைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது, அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

கண்டி வாவிக்கு மேலே ஏறிப் போகும் தெருக்களில் ஒன்றில் இருந்த தனியார் பரிசோதனை நிலையம் அது. நான் கம்பளையிலிருந்து காலை ரயிலில் வந்து, முன் கவுண்டரில் உட்கார்ந்து பெயர் எழுதுகிறவள். மிஸ் நின்று பொத்தானை அழுத்தும் சின்ன அறை என் முதுகுக்குப் பின்னால். அதன் கதவு எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். திரும்பிப் பார்த்தால் அவருடைய முதுகு தெரியும். தோள் இரண்டும் மெல்ல உயரும், அப்படியே நிற்கும், பிறகு இறங்கும். நாள் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. பில் எழுதிக்கொண்டே, பின்னால் "பிடியுங்கோ" என்ற சத்தம் கேட்டால் நானும் என்னையறியாமல் பிடித்துவிடுவேன். எனக்கே சிரிப்பு வரும்.

ஒருநாள் கேட்டேன். "நீங்க எதுக்குங்க மிஸ் புடிக்கிறீங்க? படம் உங்களுக்கா எடுக்குறாங்க?"

"நான் பிடிக்காமல் மற்ற ஆக்களைப் பிடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை" என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கூலிக்குக் கும்பகம் செய்யிறன் எண்டு வைச்சுக்கொள்ளும்."

மூச்சை உள்ளே நிறுத்தி வைப்பதற்குத்தான் கும்பகம் என்று பெயராம். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு அவரிடம் நிறையக் கேட்டேன். அவர் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை, நானும் கற்றுக்கொள்கிற ஆள் இல்லை. எனக்கு வாய் சும்மா இராது, அவருக்குப் பொய் சொல்ல வராது. அந்த இரண்டும் சேர்ந்து எங்களைச் சிநேகிதிகள் ஆக்கிவிட்டன.

காலையில் வந்ததும் கைப்பையை அலுமாரியில் வைப்பதற்கு முன், புறங்கையை மூக்குக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார். எந்தப் பக்கத்து மூச்சு ஓடுகிறது என்று பார்க்கிறாராம். வலது என்றால் சூரியன். அன்றைக்குப் பாரமான வேலைகளை முதலில் எடுப்பார். இடது என்றால் சந்திரன். "இடது ஓடுது. இப்ப டொக்டரிட்டை லீவு கேக்கலாம்" என்பார். அந்த நிலையம் டொக்டருடையது, டொக்டரோ எடுத்ததற்கெல்லாம் சீறிவிழுகிறவர். ஆனாலும் மிஸ்ஸுக்கு லீவு கிடைத்துவிடும். என் மூக்கையும் ஒருநாள் பார்க்கச் சொன்னார். "எனக்குத் தடிமன் மிஸ், ரெண்டும் ஓடுது" என்றேன். அன்றைக்குப் பூராவும் என்னைக் கண்ட நேரமெல்லாம் சிரித்தார்.

வாவிக் கரையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது அவருடைய இடது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்துகொண்டே இருக்கும். நாலு எண்ணுகிற வரைக்கும் இழுப்பு, பதினாறு வரைக்கும் பிடிப்பு, எட்டு வரைக்கும் விடுவது. நடுவில் நான் எதையாவது கேட்டால் பதில் வரச் சுணங்கும். அவர் எங்கேயோ உள்ளே இருக்கிறார் என்று புரிந்துகொண்டு வாவியைப் பார்த்தபடி கூட நடப்பேன். மழை விட்ட மாலைகளில் தண்ணீரும் மலையும் ஒரே நிறத்தில் இருக்கும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அப்படிப்பட்ட நேரங்களில் என்னைப் போன்ற வாயாடிக்கும் பேசத் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பிட்டியவில் ஒரு வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி உட்காருவார்கள். சிங்களம் பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. உட்கார்ந்தால் யாரும் எந்த மொழியும் பேசுவதில்லை. மாதா கோவிலில் முதல் பூசை முடிந்த கையோடு ஒருமுறை நானும் போனேன். பத்து நிமிடத்தில் எனக்குக் கால் மரத்து, விக்கல் வந்து, எல்லோருடைய தியானத்தையும் கெடுத்தேன். அதன் பிறகு சுவரில் சாய்ந்து மிஸ்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே பள்ளத்திலிருந்து பனிப்புகார் ஏறிக்கொண்டிருந்தது. மிஸ்ஸின் நெஞ்சு ஒருமுறை உயர்ந்தது, நின்றது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். முப்பது. அறுபது. புகார் ஜன்னலுக்குள் வந்து அவருடைய முழங்காலைத் தொட்டது. எண்பதில் எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து போய் உலுக்கலாமா என்று நினைத்தபோது, அவருடைய மூச்சு சத்தமே இல்லாமல் வெளியே வந்தது. 

திரும்பி வரும்போது கேட்டேன், உள்ளே என்னதான் நடக்கிறது என்று.

"முதுகுத்தண்டுக்கு அடியில ஒரு இளஞ்சூடு வரும். மெல்ல மெல்ல மேல ஏறும். பிடரி வரைக்கும் வரும். அதோட நிண்டிடும்."

"நிக்காட்டி?"

"அதுக்கு அங்கால சத்தமே இல்லாத ஒரு இடம் இருக்குது எண்டு சொல்லுகினம். பன்னிரண்டு வருசமா நான் படலை வாசல் வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வாறன். உள்ளுக்குப் போகேல்லை."

"போய் என்ன மிஸ் செய்யப்போறீங்க?"

"சின்னனில இருந்து சத்தத்துக்குள்ளயே வளந்தனான்" என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எந்த வருடங்களில் அங்கே சின்னவராக இருந்தார் என்று கணக்குப் பார்த்தாலே அது சண்டையின் சத்தம் என்று புரிந்திருக்கும். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் மருமகளோடு வந்தார். ஆறு வாரமாக இருமல், பின்னேரங்களில் காய்ச்சல், சட்டை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு மெலிவு. நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு வரும்படி தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். வேண்டாம், போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை.

உள்ளே போனார். "இதுல நெஞ்சை வைச்சு நில்லுங்கோ ஐயா. மூச்சை நல்லா இழுங்கோ. பிடியுங்கோ" என்ற மிஸ்ஸின் குரல் கேட்டது. நான் ரெஜிஸ்டரில் தோட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல நானும் பிடித்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு முட்டியது. விட்டேன். இன்னொரு மூச்சும் இழுத்தேன். பின்னால் இன்னும் "விடுங்கோ" வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மிஸ்ஸின் தோள் உயர்ந்தது உயர்ந்தபடியே இருந்தது. நான் பேனாவை வைப்பதற்குள் உள்ளே தொப்பென்று ஒரு சத்தம்.

ஓடினேன். மிஸ் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றார். அதை அழுத்தியிருக்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. அந்த மாதிரி ஒரு முகத்தைக் கோவில் மாதா சுரூபங்களில்கூட நான் பார்த்ததில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாகத் தரையைப் பார்த்தார்.

பெரியவருக்கு நெற்றி பிளந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளித்து மடியில் சாய்த்தோம். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"விடலாங்களா மிஸ்?"

யாரும் விடச் சொல்லவில்லை, அதனால் அவர் விடவில்லை. ஆயுள் முழுக்கச் சொன்னதைச் செய்து பழகிய மனிதர். மயங்கி விழுந்த பிறகும் அனுமதிக்காகக் காத்திருந்தார்.

டொக்டர் வந்து நெற்றியில் தையல் போட்டார். இன்றைக்கு ஓய்வெடுக்கட்டும், அடுத்த வாரம் வந்து படம் எடுக்கலாம் என்று அனுப்பிவைத்தார். எங்கள் நிலையத்தில் ஒரு சம்பவக் கொப்பி உண்டு. நோயாளி விழுந்தால், அடிபட்டால் ஏன் என்று அதில் எழுத வேண்டும். காரணம் ஊழியர் என்றால் அந்த ஊழியருக்கு வேலை இல்லை. டொக்டருடைய சட்டம் அது. கொப்பி என் மேசை லாச்சியில்தான் இருந்தது. 'காலை உணவு உண்ணாமல் வந்தபடியால் தலைசுற்றி விழுந்தார்' என்று எழுதி மிஸ்ஸிடம் நீட்டினேன். வாசித்தார். கையெழுத்துப் போட்டார். பொய் சொல்ல வராத மனுஷி போட்ட கையெழுத்து கோணலாக இருந்தது. எனக்கோ பெரிய சாமர்த்தியம் செய்த திருப்தி.

அன்று மாலை வாவிக் கரையில் அவர் விரல் எண்ணவில்லை. பாதி வழியில் நின்றார்.

"இண்டைக்கு உள்ளுக்குப் போயிட்டன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"பன்னிரண்டு வருசமாத் தேடினது. இண்டைக்குத்தான் முதல்தரம். சத்தமே இல்லை. அந்த ஐயா விழுந்த சத்தமும் எனக்குக் கேக்கேல்லை."

"அதுக்குப் பேரு தியானமா மிஸ்?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்க வேண்டாம்.  மிச்ச வழி முழுக்க இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நடந்தோம்.

அடுத்த கிழமை பெரியவர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. ரெஜிஸ்டரில் இருந்த போன் இலக்கத்துக்கு எடுத்தேன். மருமகள்தான் பேசினார்.

"மாமா வரமாட்டேங்குறாருங்க. படம் எடுத்து முடியுற வரைக்கும் தன்னால மூச்சு புடிக்க முடியாமப் போச்சேன்னு வெக்கப்படுறாரு. இப்ப வீட்ல ஒக்காந்து பழகுறாருங்க."

"என்னத்தப் பழகுறாரு?"

"மூச்சு புடிக்கத்தான். காலையில ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா. புடிச்சிப் புடிச்சி முந்தாநேத்து வாசல்லயே சாஞ்சிட்டாரு. நாங்க சொன்னா கேக்குறாரா?"

இதை மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒருவர் கவுனை மாட்டிக்கொண்டு படத்துக்குக் காத்திருந்தார். அவரை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை இரண்டு பேரும் பன்வில பஸ்ஸில் ஏறினோம். மேலே போகப் போக ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லாமல் போனது. தேயிலை வரிகள் நாலைந்து தெரியும், அவையும் பனிப்புகாருக்குள் போய்விடும். கனவில் போகிற மாதிரி பஸ் போய்க்கொண்டிருந்தது. மிஸ் கண்ணை மூடவே இல்லை.

லயத்து வீட்டு வாசலில் போட்டிருந்த மர வாங்கில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். நெற்றிக் காயம் ஆறியிருந்தது, ஆள் இன்னும் மெலிந்திருந்தார்.

"இப்ப கொஞ்சம் நல்லா வருதுங்க மிஸ்" என்று சொல்லி, வாயை இறுக்கி மூச்சைப் பிடித்துக் காட்டத் தொடங்கினார். மிஸ் ஓடிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார்.

"வேண்டாம் ஐயா. விடுங்கோ. அண்டைக்குப் பிழை விட்டது நான். உங்களை விடச் சொல்ல நான் மறந்திட்டன்."

பெரியவர் இருமி முடித்துவிட்டுச் சிரித்தார். "மிஸ் மறப்பீங்களா? எம் மேல பாவப்பட்டுச் சொல்றீங்க. இன்னும் பத்து நாள் குடுங்க மிஸ். சரியாப் புடிச்சிக் காட்டுறேன்."

எப்படிச் சொல்லியும் நம்பவில்லை. மிஸ் அழுதார். அதைப் பார்த்து, தன்னால்தான் அழுகிறார் என்று அவர் மன்னிப்புக் கேட்டார். இருமித் துடைத்த துவாயை மடித்து இடுப்பில் ஒளித்தார். மருமகள் எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போய், நேற்றிலிருந்து அதில் இரத்தம் படுகிறது என்றார். பத்து நாள் கொடுக்க முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

"வாயால சொன்னா நம்பமாட்டாருங்க" என்றார் மருமகள். "பேர் பதியிறதுல இருந்து லீவு வரைக்கும் தோட்டத்துல எல்லாமே கடுதாசிதான். ஆபீஸ் சீல் வச்சு ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா வருவாரு."

திங்கட்கிழமை காலையில் மிஸ் எனக்கு முன்பே வந்திருந்தார். நிலையத்தின் தாளில் கடிதம் எழுதி முடித்துவிட்டு, சம்பவக் கொப்பியைக் கேட்டார்.

"கொப்பி எதுக்குங்க மிஸ்? கடுதாசி பன்விலவுக்குப் போகப்போவுது. டொக்டருக்கு எப்பிடித் தெரியும்?"

"கடிதத்தில ஒண்டும் கொப்பியில ஒண்டும் எழுதினால், அந்த ஐயாவுக்கு நான் குடுக்கிறது பொய்க் கடிதம் எல்லோ."

நான் எழுதிய வரியை ஒரே கோட்டில் வெட்டினார். கீழே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தக் கையெழுத்து நேராக இருந்தது. பிறகு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். சீல் என் லாச்சியில் இருந்தது. முதல் இரண்டு வரியை வாசித்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவருடைய வேலையைப் பறிக்கப்போகிற சீலை என் கையாலேயே குத்த வேண்டியிருந்தது. குத்தினேன். மருமகள் பகல் பஸ்ஸில் வந்து அதை வாங்கிப் போனார்.

டொக்டர் கொப்பியைப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போடவில்லை. வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி சொன்னார்.

பெரியவர் புதன்கிழமை வந்தார். கடிதம் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. நான் பேனாவைத் தொடாமல் முழுதாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். "இழுங்கோ, பிடியுங்கோ" என்றார் மிஸ். அவருடைய தோள் நிற்கவில்லை. அது உயர்ந்து தாழ்ந்து சாதாரணமாக அசைந்தது. அவரை அறிந்த நாளிலிருந்து முதல்தடவையாக, அடுத்தவர் மூச்சைப் பிடித்திருக்கும்போது அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். "விடுங்கோ" உடனே வந்துவிட்டது.

"அவ்வளவுதானா மிஸ்?" என்றார் பெரியவர். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

படத்தில் வலது நுரையீரலின் மேற்பக்கம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. காசநோய். மருந்து எடுத்தால் மாறும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை அலுமாரியிலிருந்து தன் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், இனி நேரம் இருக்கிறதே, அந்தச் சத்தமில்லாத இடத்துக்குத் திரும்பப் போகலாமே என்று. ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"அங்க போறதெண்டால் என்னை நம்பி ஒருத்தரும் நிக்காத நேரமாப் பாக்க வேணும்" என்றார். "அது எந்த நேரம் எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் இனிப் பிடிக்க மாட்டன். மூச்சு வாறது போறதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன், அதுவே காணும்."

அம்பிட்டிய மாடியில் விசாரித்தேன். கொஞ்ச நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாராம். விரல் எண்ணுவதில்லையாம். பிறகு கண்டியை விட்டே போய்விட்டார். எங்கே என்று எனக்கு எழுதவில்லை. எனக்கு அவர்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு. அவரில்லாத அந்தச் சின்ன அறையைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மருந்து முடிந்து, கடைசிப் படம் எடுக்கப் பெரியவர் வந்தார். சட்டை தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. மிஸ்ஸின் இடத்தில் இப்போது இருக்கிறவர் யாரோடும் மூச்சுப் பிடிக்கிறவர் இல்லை. படம் சுத்தமாக வந்தது. பெரியவர் கவுண்டருக்கு வந்து, பையிலிருந்து ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்தக் கடிதம்தான். லேமினேட் பண்ணியிருந்தார்.

"நா சரியாத்தான் புடிச்சேன்னு மிஸ் குடுத்த சர்டிபிக்கட்டுங்க" என்றார். கங்காணிக்கு, கோயில் பூசாரிக்கு, பஸ் கண்டக்டருக்கு எல்லாம் காட்டினாராம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "சீல் வச்சது நீங்கதானே. ஒருக்கா படிச்சிக் காட்டுங்க. இவங்களும் கேக்கட்டும்."

வாங்கில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசிக்கத் தொடங்கினேன்; முதல் இரண்டு வரியைத் தாண்டி, அன்றைக்கு என்னால் வாசிக்க முடியாமல் போன வரிகளுக்கு இப்போதுதான் வந்தேன்.

'மூச்சை விடச் சொல்லாதது என் பிழை. ஐயா மீது ஒரு பிழையும் இல்லை. நான் பன்னிரண்டு வருடமாக மூச்சைப் பிடித்துப் பழகுகிறவள். பழகுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவருடைய சொல்லை நம்பி இவரளவுக்கு மூச்சைப் பிடித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.'

பெரியவர் வாங்கில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொள்ள வாசலுக்குப் போனார்.